கிணறு இருந்தது என்பதற்கு என்ன சாட்சி?

நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுக்கும் ஊர்களில் அளவீடு, அறிவிக்கை, விசாரணை என்று மாதக்கணக்கில், சில ஊர்களில் ஆண்டுக்கணக்கில் வேலை இழுக்கும். இடிக்கும் வேலை மட்டும் ஒரே நாளில் முடிந்துவிடும். காலையில் பொக்லைன் வந்தால் மாலைக்குள் மோட்டார் அறையும் தண்ணீர்த் தொட்டியும் கிணற்றின் கட்டுச் சுவரும் அந்தக் கிணற்றுக்குள்ளேயே போய்விடும். மேலே நான்கு லாரி கிராவல் கொட்டி உருளையை ஓட்டினால், அங்கே ஐம்பது அடி ஆழத்தில் ஒரு கிணறு இருந்தது என்று வெளியூரில் இருந்து வரும் ஒருவரை நம்ப வைக்க முடியாது.

இழப்பீட்டுத் தகராறு பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. வழங்கிய தொகை போதாது என்று நடுவரிடம் மனுப் போட்டால் அது விசாரணைக்கு வரும்போது மரமும் இருக்காது, கிணறும் இருக்காது, வரப்பும் இருக்காது. காகிதம் மட்டும்தான் இருக்கும். அந்தக் காகிதத்தில் 'கிணறு 1, தென்னை 42' என்று இருந்தால் கிணறு ஒன்று, தென்னை நாற்பத்திரண்டு. கிணறு எத்தனை அடி, அதில் எத்தனை அடி பாறை, தென்னைக்கு என்ன வயது என்பதெல்லாம் எழுதப்படாமல் போயிருந்தால் அவை இல்லாதவையாகவே ஆகிவிடும்.

நான் உழவியல் படித்தவன், சட்டம் படித்தவன் அல்ல. ஆனால் சாலைக்கு நிலம் கொடுத்த உழவர்கள் மண் பரிசோதனைக்கும் பயிர் ஆலோசனைக்கும் வரும்போது கொண்டுவரும் கட்டுகளைப் பார்த்துப் பார்த்து, இந்த ஆவணங்களில் பாதி வேலை வேளாண்மைக்காரர்களுடையது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். மரத்தின் வயதையும் காய்ப்பையும் பொறியாளரால் எழுத முடியாது. நாம்தான் எழுத வேண்டும்.

எந்தத் தேதி முக்கியம்?

தேசிய நெடுஞ்சாலைகளுக்கு நிலம் எடுப்பது 1956ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி. அதில் 3ஏ என்ற பிரிவின் கீழ் முதல் அறிவிக்கை வரும். அதன் சுருக்கம் இரண்டு நாளிதழ்களில் வெளியாக வேண்டும். அவற்றில் ஒன்று உள்ளூர் மொழியில் இருக்க வேண்டும். அறிவிக்கை வந்த நாளில் இருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பிறகு 3டி அறிவிக்கை. அது வெளியான நாளில் நிலம் மத்திய அரசின் வசம் போய்விடுகிறது. 3ஏ வந்து ஓராண்டுக்குள் 3டி வரவில்லை என்றால், நீதிமன்றத் தடை இருந்த காலத்தைக் கழித்துவிட்டு, முதல் அறிவிக்கை காலாவதியாகிவிடும். இழப்பீடு தீர்மானிப்பது 3ஜி பிரிவில். தொகையில் திருப்தி இல்லையென்றால் மத்திய அரசு நியமித்த நடுவரிடம் போகலாம். நம் மாநிலத்தில் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியரே அந்த நடுவர்.

இதில் உழவர் மனதில் பதிய வேண்டியது ஒன்று: நிலத்தின் சந்தை மதிப்பு 3ஏ அறிவிக்கை வெளியான தேதியை வைத்தே கணக்கிடப்படுகிறது. உங்கள் சான்றுகளும் அந்தத் தேதிக்கு முந்தையவையாக இருந்தால்தான் எடை. அறிவிக்கை வந்த பிறகு அவசர அவசரமாகக் கன்றுகளை நட்டு 'மரம்' என்று கணக்குக் காட்டியவர்கள் எல்லா மாவட்டத்திலும் உண்டு. அதனால் அதிகாரிகளுக்கு எல்லோர் மேலும் சந்தேகம். பதினைந்து ஆண்டு மாந்தோப்பு வைத்திருப்பவரும் அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கெஜட் அறிவிக்கையைப் படித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிராமம், சர்வே எண், உட்பிரிவு, புஞ்சையா நஞ்சையா, எத்தனை சதுர மீட்டர் அல்லது ஹெக்டேர் என்று பட்டியல் இருக்கும். 3டி அறிவிக்கையில் உரிமையாளர் பெயரும் இருக்கும். நிலம் இருக்கும், நிலத்தின் மேல் இருந்தது எதுவும் அதில் இருக்காது. மேலே இருந்ததெல்லாம் கூட்டு அளவீட்டுத் தாளிலும், அதை ஒட்டிப் பல துறைகள் கொடுக்கும் மதிப்பீட்டு அறிக்கைகளிலும்தான். கட்டடத்துக்கும் கிணற்றுக்கும் பொறியாளர், பழ மரத்துக்குத் தோட்டக்கலைத் துறை, தடி மரத்துக்கு வனத்துறை, நிற்கும் பயிருக்கு வேளாண்மைத் துறை என்று ஆளுக்கொரு பகுதி. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் 29ஆம் பிரிவு இதற்கு இடம் கொடுக்கிறது. மரம், செடிகளை மதிப்பிட வேளாண்மை, வனம், தோட்டக்கலை, பட்டு வளர்ப்பு ஆகியவற்றில் அனுபவம் உள்ளவர்களின் சேவையைப் பெறலாம் என்கிறது அந்தப் பிரிவு. அந்தச் சட்டத்தின் இழப்பீட்டு அட்டவணை தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் 2015 முதல் பொருந்துகிறது. நிலத்துக்கும் அதன் மேல் உள்ள சொத்துகளுக்கும் சேர்த்து 100 சதவீத ஆறுதல் தொகை உண்டு என்பதால், பட்டியலில் விட்டுப்போன ஒரு மரம் இரட்டை நட்டம்.

அளவீட்டு நாள்

கூட்டு அளவீட்டுக்கு வருவோர் ஒரே நாளில் பல சர்வே எண்களை முடித்தாக வேண்டும். அவர்கள் கையில் ஒரு படிவம். அதில் ஒரு கட்டம். 'மா - 30' என்று எழுதினால் கட்டம் நிறைந்துவிடும். ஒட்டு மாங்கன்று நான்காவது, ஐந்தாவது ஆண்டில் காய்க்கத் தொடங்கும். பதினைந்து ஆண்டுக்கு மேல்தான் முழு மகசூல் நிலைக்கு வரும். நட்டு மூன்று ஆண்டான மரமும் இருபது ஆண்டான மரமும் அந்தக் கட்டத்தில் ஒன்றுதான். நெட்டை ரகத் தென்னை ஆறு, ஏழு ஆண்டில் பாளை விடும். அதன் பிறகு அறுபது வயது வரை காய்க்கும். எட்டு வயதில் வெட்டப்படும் தென்னைக்கு இன்னும் ஐம்பது ஆண்டு வருமானம் பாக்கி இருந்தது. ஐம்பத்தைந்து வயது மரத்துக்கு அப்படி இல்லை. மதிப்பீடு செய்பவர் ஆண்டு நிகர வருமானத்தையும் மீதமுள்ள காய்ப்புக் காலத்தையும் வைத்துத்தான் கணக்குப் போட முடியும். வயது எழுதப்படாத இடத்தில் அவர் எதை வைத்துப் போடுவார்? குத்துமதிப்புதான்.

வரப்பில் நிற்கும் பனை இன்னொரு கதை. காய்க்க பதினைந்து, இருபது ஆண்டு எடுத்துக்கொள்ளும் மரம் அது. மாநில மரம். அதை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்தது. ஆனால் அளவீட்டுத் தாள்களில் பனை பல நேரம் வருவதே இல்லை. 'வரப்பு மரம், யாருடையது என்று தெரியவில்லை' என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு பங்காளிகள் நடுவில் நிற்கும் பனை யாருடையது என்பதை அளவீட்டுக்கு முந்தைய நாளே பேசி முடித்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. அளவீட்டு அன்று வரப்பில் நின்று பேசினால் இரண்டு பேருக்கும் இல்லாமல் போகும்.

மல்லிகை, முருங்கை, கறிவேப்பிலை, மல்பெரி ஆகியவை எந்தக் கட்டத்தில் போகும் என்பதிலும் குழப்பம் உண்டு. நிற்கும் பயிர் என்று எழுதினால் ஒரு பருவத்து மகசூலோடு கணக்கு முடிந்துவிடும். மல்லிகை ஒருமுறை நட்டால் பத்தாண்டுக்கு மேல் பூக்கும் செடி. அதைப் பருவப் பயிராக எழுதுவது சரியல்ல. மல்பெரிக்கு மேற்சொன்ன 29ஆம் பிரிவிலேயே பட்டு வளர்ப்பு என்று தனியாகச் சொல் இருப்பதால் வாதாட இடமுண்டு. மற்றவற்றுக்குத் தோட்டக்கலை அலுவலர் கொடுக்கும் குறிப்புதான் பலம்.

ஒரு எச்சரிக்கை. தோப்பின் வருமானத்தை வைத்து நிலத்துக்கு விலை கேட்டுவிட்டு, அதே மரங்களுக்குத் தனியாகவும் விலை கேட்க முடியாது. உச்ச நீதிமன்றம் இதைப் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நிலத்துக்கு அக்கம்பக்கத்துக் கிரயப் பத்திர விலை, மரத்துக்குத் தனி மதிப்பு என்று போகலாம். அல்லது வருமானத்தை வைத்து மொத்தமாகப் போகலாம். இரண்டையும் கலந்து மனு எழுதிக் கொடுப்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

கிணற்றுக்கு வருவோம். பொறியாளர் மதிப்பிடும்போது குறுக்களவு, ஆழம், எத்தனை அடி மண், எத்தனை அடி பாறை, கட்டுச் சுவர் எவ்வளவு என்று பார்ப்பார். பாறையில் வெடி வைத்துத் தோண்டிய அடிக்கு மண் தோண்டிய அடியை விடச் செலவு பல மடங்கு. கிணற்றில் தண்ணீர் நிறைந்திருக்கும் மாதத்தில் அளவீடு நடந்தால் பாறை கண்ணுக்குத் தெரியாது. அதனால் கோடையில் கிணறு வற்றியிருக்கும்போதே படிக்கட்டில் இறங்கி நின்று, அளவு நாடா தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்றுக்கு இன்னும் சிரமம். வெளியே தெரிவது ஒரு குழாய் முனை மட்டும். எத்தனை அடி போட்டது, எத்தனை அடிக்கு கேசிங் பைப் இறக்கியது என்பதற்குப் போர் போட்ட ரசீதைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்த ரசீதைப் பத்திரப்படுத்துகிறவர் பத்தில் ஒருவர்கூட இருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

கூட்டுக் கிணறு என்ற சிக்கல்

சேலம், நாமக்கல், ஈரோடு, தருமபுரிப் பக்கம் தோட்டங்களில் கிணறு பெரும்பாலும் பங்குக் கிணறு. தாத்தா வெட்டிய கிணறு நாலு பேரப்பிள்ளைகளுக்கு. கிரயப் பத்திரத்திலும் பாகப்பிரிவினைப் பத்திரத்திலும் 'மேற்படி சர்வே எண்ணில் உள்ள கிணற்றில் நாலில் ஒரு பாகமும், அதில் உள்ள மின் மோட்டாரில் அதே பாகமும், தண்ணீர் பாத்தியமும், மாமூல் வண்டித்தட பாத்தியமும்' என்று எழுதியிருக்கும். முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஆனால் கிணறு நிற்கும் உட்பிரிவு ஒருவர் பெயரில்தான் பட்டாவில் இருக்கும்.

சாலை அந்த உட்பிரிவு வழியாகப் போனால் கிணற்றுத் தொகை பட்டாதாரர் கணக்குக்குப் போகும். மற்ற மூன்று பேரின் நிலத்தில் ஒரு சென்ட்கூட எடுக்கப்படவில்லை என்பதால் அவர்களுக்கு அறிவிப்பே வராது. தண்ணீர் மட்டும் நின்றுவிடும்.

இதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 3ஜி பிரிவில் தொகையைத் தீர்மானிக்கும் முன் இரண்டு நாளிதழ்களில் பொது அறிவிப்புக் கொடுத்து, அந்த நிலத்தில் உரிமை உள்ள எல்லோரையும் கோரிக்கை தரும்படி அழைக்க வேண்டும். உரிமை என்றால் பட்டா மட்டும் இல்லை. பங்கும் பாத்தியமும் அதில் சேரும். அந்த விசாரணை நாளில் பத்திர நகலோடு போய், இந்தக் கிணற்றில் எனக்கு இவ்வளவு பாகம் என்று எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். பத்திரம் காணாமல் போயிருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கலாம். வில்லங்கச் சான்றில் பத்திர எண்ணும் ஆண்டும் கிடைக்கும். சொத்து விவரத்தில் கிணற்றுப் பாகம் எழுதியிருக்கிறதா என்று நகலில் வரி வரியாகப் பாருங்கள். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது எல்லோரும் யுடிஆர் என்று சொல்வதில், கூட்டுப் பட்டா தனிப் பட்டாவாக மாறிய இடங்கள் ஏராளம். அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலைப் பார்த்தால் கிணறு இருந்த எண்ணில் யார் யார் பெயர் இருந்தது என்று தெரியும்.

இன்னொரு சான்று மின் இணைப்பு. இலவச விவசாய மின் இணைப்பு ஒரு குறிப்பிட்ட சர்வே எண்ணில் உள்ள கிணற்றுக்குத்தான் வழங்கப்பட்டிருக்கும். இணைப்பு வாங்கிய காலத்து விண்ணப்பத்தில் கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சான்றும், பங்குதாரர்களின் சம்மதக் கடிதமும் இருக்கும். கிணறு இருந்தது, இந்த ஆண்டிலேயே இருந்தது, இத்தனை பேர் பங்குதாரர்கள் என்பதற்கு அதைவிட நல்ல அரசு ஆவணம் கிடைப்பது அரிது. கிணறு போகப்போகிறது என்று தெரிந்ததும் இணைப்பைத் துண்டிக்க விட்டுவிடாமல், மிச்ச நிலத்தில் வெட்டும் புதுக் கிணற்றுக்கோ போருக்கோ இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள். புதிதாகப் பதிந்து காத்திருப்பவர்களின் வரிசை எவ்வளவு நீளம் என்று உங்களுக்கே தெரியும்.

மிச்ச நிலம்

என் துறைக்காரனாக எனக்கு அதிகம் உறுத்துவது இதுதான். ஐந்து ஏக்கர் தோட்டத்தில் 60 சென்ட், அதாவது ஏறக்குறைய 24 ஏர்ஸ் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 60 சென்ட்டில் கிணறு இருக்கிறது. நிலத்துக்கு விலை, கிணற்றுக்குக் கட்டுமான விலை, மோட்டார் அறைக்கு விலை என்று கொடுத்தாகிவிட்டது. மீதி 4 ஏக்கர் 40 சென்ட் மஞ்சளும் வாழையும் விளைந்த தோட்டமாக இருந்தது. இப்போது மழை பெய்தால் சோளம். நிலத்தின் வகையே மாறிப்போனதற்கு யார் கணக்குச் சொல்வது?

3ஜி பிரிவின் 7ஆம் உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். நிலம் துண்டாவதால் வரும் நட்டம், எடுக்கப்படாத மற்ற அசையாச் சொத்துக்கோ வருமானத்துக்கோ ஏற்படும் பாதிப்பு, குடியிருப்பையோ தொழிலையோ மாற்ற வேண்டி வந்தால் அதற்கு நியாயமான செலவு ஆகியவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. கேட்பவர் குறைவு. கேட்டாலும் நிரூபிக்க வேண்டும். எடுக்கப்படாத அந்த 4 ஏக்கர் 40 சென்ட்டும் இந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் விளைந்தது என்று காட்ட வேண்டும்.

அதைக் காட்டும் ஆவணம் அடங்கல். கிராமக் கணக்கு எண் 2. என்ன பயிர், எத்தனை பரப்பு, பாசன ஆதாரம் எது என்று ஆண்டுதோறும் எழுதப்படும் பதிவேடு. பல ஊர்களில் அடங்கல் வயலைப் பார்த்து எழுதப்படுவதில்லை. போன ஆண்டு எழுதியதை இந்த ஆண்டும் எழுதிவிடுகிறார்கள். மஞ்சள் விளைந்த நிலத்துக்கு நிலக்கடலை, மானாவாரி என்று பத்தாண்டாகத் தொடர்வதைப் பார்த்திருக்கிறேன். பயிர்க் கடனுக்கோ காப்பீட்டுக்கோ தேவைப்பட்டால்தான் நாம் அடங்கலைத் திரும்பிப் பார்க்கிறோம். ஆண்டுதோறும் நடக்கும் ஜமாபந்தியில் கிராமக் கணக்குகள் சரிபார்க்கப்படும்போது மனுக் கொடுத்துப் பயிரையும் பாசன ஆதாரத்தையும் திருத்தி எழுதச் சொல்லலாம். உங்கள் ஊருக்குச் சாலை வரும் என்ற பேச்சு காதில் விழுந்த ஆண்டே இதைச் செய்தால், 3ஏ வருவதற்குள் இரண்டு மூன்று ஃபசலி அடங்கல் சரியாக இருக்கும். பழைய அடங்கல் நகல் கேட்பவர்கள் ஃபசலி ஆண்டைக் குறிப்பிட வேண்டும். ஃபசலி 1434 என்றால் 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை. இதை வைத்து முன்னும் பின்னும் எண்ணிக்கொள்ளுங்கள்.

அடங்கல் சரியில்லாதவர்களுக்கு வேறு துறைகளின் கோப்புகள் கை கொடுக்கும். சொட்டுநீர்ப் பாசன மானியம் வாங்கியிருந்தால் தோட்டக்கலை அல்லது வேளாண்மை அலுவலகத்தில் உங்கள் நிலத்தின் வரைபடம், பயிர், இடைவெளி, நீர் ஆதாரம், அமைத்த பிறகு எடுத்த படம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும். சாலைக்காக யாரும் தயாரித்தது அல்ல என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். மண்வள அட்டையில் மாதிரி எடுத்த இடமும் பாசன வசதியும் பதிவாகியிருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் மஞ்சளுக்குக் கடன் வாங்கியது, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை போட்ட ரசீது, கரும்பு ஆலையின் வெட்டு உத்தரவு என எல்லாமே சாட்சிகள்தான்.

படச் சான்றுக்கு இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களைத் தேதியோடு பார்க்கலாம். வட்டக் கிணறும், தென்னை வரிசையும், களமும், வீட்டுக் கூரையும் தெளிவாகத் தெரியும். சிறு கன்றுகள் தெரியாது. 3ஏ தேதிக்கு முந்தைய படங்களை, தேதியும் ஆயத்தொலைவும் தெரியும்படி அச்செடுத்து மனுவோடு இணைக்கலாம். வட்டாரத்தில் உள்ள உதவி வேளாண்மை அலுவலர்களும் தோட்டக்கலை அலுவலர்களும் இதில் உழவருக்குப் பெரிய உதவி செய்ய முடியும். வேலைப்பளு எனக்குத் தெரியும். ஆனாலும் அளவீட்டு நாளில் ஒரு மணி நேரம் தோட்டத்தில் நின்று மர வயதையும் ரகத்தையும் காய்ப்பையும் எழுதிக் கையெழுத்திட்டால், அந்தத் தாள் இருபது ஆண்டுக்குப் பிறகும் ஒரு குடும்பத்துக்காகப் பேசும்.

நீர்வழி பற்றியும் ஒரு வார்த்தை. சாலை மேடாக எழும்பும்போது மேல் புறத்து நிலத்தில் மழைத் தண்ணீர் தேங்கும், கீழ்ப் புறத்துக் குளத்துக்கு வரத்து நிற்கும். புலப்படத்தில் ஓடையும் வாய்க்காலும் கிணறும் குறிக்கப்பட்டிருக்கும். மதகு எந்த இடத்தில் வேண்டும் என்று கேட்க அந்தப் படம்தான் ஆதாரம். சாலை போட்ட பிறகு கேட்டால் யாரும் தோண்ட மாட்டார்கள்.

பட்டாவை முன்கூட்டியே மாற்றிய வழக்கு

சென்னை - சேலம் எட்டுவழிச் சாலை வழக்கைப் பலரும் சாலை வேண்டுமா வேண்டாமா என்ற விவாதமாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். 277 கிலோ மீட்டர் நீளத்தில் ஐந்து மாவட்டங்கள் வழியாகத் திட்டமிடப்பட்ட சாலை அது. 2018இல் அறிவிக்கைகள் வந்தன. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அறிவிக்கைகள் செல்லும் என்றது. ஆனால் அதே தீர்ப்பில் உழவருக்குச் சாதகமான ஒரு பகுதி இருக்கிறது. 3ஏ அறிவிக்கை வந்ததை மட்டும் வைத்து வருவாய்ப் பதிவேடுகளில் உரிமையாளர் பெயரை எடுத்துவிட்டு நிலத்தைக் கையகப்படுத்தும் அமைப்பின் பெயரில் மாற்றியது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. பழையபடி உரிமையாளர் பெயருக்கே திருத்த உத்தரவிட்டது.

நடைமுறையில் இது பெரிய விஷயம். பட்டாவில் பெயர் போனால் அடங்கல் கிடைக்காது, அடங்கல் இல்லையென்றால் பயிர்க் கடனுக்கும் காப்பீட்டுக்கும் அலைய வேண்டும். 3டி அறிவிக்கை வரும்வரை நிலம் உங்களுடையது. 3ஏ வந்த ஊர்களில் இருப்பவர்கள் மாதம் ஒருமுறை இணையத்தில் தங்கள் சிட்டாவை எடுத்துப் பார்த்து, தேதியோடு அச்செடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பெயர் மாறியிருந்தால் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிட்டு வட்டாட்சியருக்கு மனுக் கொடுக்கலாம்.

ஏற்கெனவே இடிபட்டவர்களுக்கு

தங்க நாற்கரச் சாலைக்கும் வடக்கு - தெற்குச் சாலைக்கும் நிலம் கொடுத்து இருபது ஆண்டு கடந்தவர்கள், 'எங்களுக்கு இனி என்ன' என்று கேட்பதுண்டு. 1997ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி எடுத்த நிலங்களுக்கு ஆறுதல் தொகையும் அதற்குரிய வட்டியும் கிடையாது என்றே நெடுங்காலம் இருந்தது. 2019 செப்டம்பர் 19 அன்று தர்செம் சிங் வழக்கில் அந்தப் பாகுபாடு அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது இனிமேல் எடுக்கும் நிலத்துக்கு மட்டும்தான் என்று அறிவிக்கும்படி நெடுஞ்சாலை ஆணையம் கேட்டதை 2025 பிப்ரவரியில் ஏற்க மறுத்தது. உங்கள் கோப்பு எந்த நிலையில் முடிந்தது என்பதைப் பொறுத்து உங்களுக்கு இதில் இடம் உண்டா என்று வழக்கறிஞர்தான் சொல்ல முடியும். அவர் முதலில் கேட்பது இழப்பீட்டுத் தீர்ப்பாணையின் நகல். அது பலரிடம் இல்லை.

தேடும்போது மூன்று இடங்களில் தடம் மாறும். ஒன்று, சாலையின் எண். 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்கள் மாற்றப்பட்டன. சேலம், கரூர், மதுரை வழியாகக் கன்னியாகுமரி போகும் பழைய 7 இப்போது 44. சேலத்தில் இருந்து கோவை வழியாகக் கொச்சி போகும் பழைய 47 இப்போது 544. உங்கள் கோப்பு பழைய எண்ணில்தான் இருக்கும். அடுத்து மாவட்டம். கிருஷ்ணகிரி 2004இல் தருமபுரியில் இருந்து பிரிந்தது. ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019இல் வேலூரில் இருந்து பிரிந்தன. செங்கல்பட்டு அதே ஆண்டில் காஞ்சிபுரத்தில் இருந்து. கோப்பு தாய் மாவட்டத்தின் பதிவறையிலேயே இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாவது, சர்வே எண். நிலம் எடுத்த பிறகு உட்பிரிவு செய்யப்பட்டு, உங்கள் பத்திரத்தில் 2பி என்று இருப்பது சாலைக்குப் போனது 2பி2, மிச்சம் 2பி1 என்று ஆகியிருக்கும்.

1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் அறிவிக்கைகள் மத்திய அரசின் கெஜட்டில் வந்தவை. அதன் இணையதளத்தில் பலவற்றைத் தேடி எடுக்கலாம். பழைய புலப்படங்கள் நில அளவைத் துறையிலும், அதற்கும் முந்தைய செட்டில்மெண்ட் பதிவேடுகள், இனாம் ஃபேர் ரிஜிஸ்டர் போன்றவை சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் கிடைக்கும். கோயில் மானியம், இனாம் என்று உரிமையில் சிக்கல் இருப்பவர்களுக்குத்தான் அவ்வளவு பின்னால் போக வேண்டியிருக்கும். மற்றவர்களுக்கு யுடிஆருக்கு முந்தைய பதிவேடு போதும்.

கூட்டு அளவீட்டுத் தாளும் மரம், கிணறு மதிப்பீட்டு அறிக்கைகளும் வேண்டுமானால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி, அந்தச் சாலைக்கு நில எடுப்பு அதிகாரியாக இருந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். நில எடுப்புத் தனி அலுவலகம் மூடப்பட்டிருந்தால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். கோப்பு வேறு அலுவலகத்தில் இருந்தால் மனுவை அங்கே அனுப்பி வைப்பது அவர்கள் கடமை. 'எனக்குக் கொடுத்த இழப்பீட்டு விவரம்' என்று பொதுவாகக் கேட்டால் ஒரு வரியில் தொகை மட்டும் வரும். இந்தக் கிராமம், இந்தப் பழைய சர்வே எண், இந்த ஆண்டு அறிவிக்கை. இதற்கான கூட்டு அளவீட்டுத் தாள், மர மதிப்பீட்டு அறிக்கை, கிணறு மற்றும் கட்டட மதிப்பீட்டு அறிக்கை, இழப்பீட்டுத் தீர்ப்பாணை ஆகிய நான்கின் சான்றிட்ட நகல் என்று தனித்தனியாகக் கேளுங்கள். கோப்பு எண் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை. கிராமத்தின் பெயரும் பழைய சர்வே எண்ணும் இருந்தால் அவர்களால் தேடி எடுக்க முடியும்.